11 அங்குலமா, 4 அங்குலமா? படைக்குப் போகும் மகனுக்கு ஒரு கத்தி

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம் சார். பையன் தரைப்படையில் சிப்பாய். லீவு முடிந்து போனதும் லடாக் மலைக்கு அனுப்பப் போகிறார்களாம். 2020-ல் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. கையோடு ஒரு நல்ல கத்தி கொடுத்தனுப்ப ஆசை. ஊர் ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில் 11 அங்குலத்துக்கு அடித்துத் தருகிறேன் என்கிறார். மருமகன் போனில் ஒரு கமாண்டோ கத்தியைக் காட்டுகிறார். முதுகில் ரம்பம், பிடிக்குள்ளே தூண்டில் நரம்பு, மூடியில் திசைகாட்டி, எல்லாம் சேர்த்து 899 ரூபாய். நான் 3,000 வரை செலவழிக்கத் தயார். எதை வாங்கலாம்? லீவு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பதில்: ஐயா, ஆசாரியிடமே போங்கள். ஆனால் 11 அங்குலம் வேண்டாம், 4 அங்குலத்துக்கு அடிக்கச் சொல்லுங்கள். கமாண்டோ கத்தியை மறந்துவிடுங்கள். பதில் இவ்வளவுதான். காரணம் தெரிந்தால்தான் பட்டறையில் நின்று சரியாகக் கேட்டு வாங்க முடியும், அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

முதலில் கல்வான் விஷயம். உங்கள் பயம் புரிகிறது. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு லடாக் என்று காதில் விழுந்தாலே பல வீடுகளில் சோறு இறங்குவதில்லை. ஆனால் எதிரி எதிரே நிற்கும்போது பையன் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது படை. அப்பா கொடுத்தனுப்பும் கத்திக்கு அங்கே வேலை கிடையாது. துப்பாக்கியும் அதன் முனையில் மாட்டும் பயனெட்டும் கோத் என்கிற ஆயுத அறையிலிருந்து எண் பார்த்துக் கொடுத்து, எண் பார்த்துத் திரும்ப வாங்கும் சாமான்கள். அந்தக் கவலையை அவனுடைய அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் சொந்தக் கத்தி எதற்கு? நான் தரைப்படைத் தளவாடங்களைப் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி பழுது பார்க்கிற பட்டறைதான், ஆனாலும் ஜவான்கள் தங்கள் கத்தியையும் நீட்டுவார்கள், "உஸ்தாத், கொஞ்சம் சாணை பிடித்துக் கொடுங்கள்" என்று. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அடையாளம் இருக்கும்: முனை உடைந்திருக்கும், வாய், அதாவது வெட்டும் ஓரம், நடுவில் மழுங்கியிருக்கும். முனை உடைவது டின் மூடியை நெம்பியதாலும் மரப்பெட்டி ஆணியைக் கிளப்பியதாலும். வாய் மழுங்குவது நைலான் கயிறு, பேக்கிங் பட்டை, மணல்மூட்டைச் சாக்கு, கூடாரத் துணி, அட்டைப்பெட்டி இவற்றை அறுத்து அறுத்து. நடுவே வெங்காயமும் நறுக்கியிருப்பார்கள். ஒரு சிப்பாயின் கத்திக்கு வருஷம் முழுக்க இதுதான் பிழைப்பு. இந்த வேலைகளில் எதற்கும் 4 அங்குலத்துக்கு மேல் அலகு தேவைப்படாது. 11 அங்குலக் கத்தி முதுகுப் பையின் அடியில் போய்ச் சேரும். அந்த உயரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவன் ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்ப்பான். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவன் போவது அதற்கும் மேலே.

சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் உங்கள் வெட்டரிவாளை யாரும் கேட்பதில்லை. ஆனால் 11 அங்குலக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் டெல்லி போகிறவன் "வயல் வேலைக்கு" என்று சொல்ல முடியுமா? பட்டனைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங் கத்தியும் வேண்டாம். டெல்லியில் அவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடே உண்டு. லேவுக்கு விமானத்தில் போவதாக இருந்தால் எந்தக் கத்தியும் செக்-இன் பெட்டிக்குள்தான். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது.

இன்னொன்று. பட்டறைக்குப் போவதற்கு முன் பையனிடம் பேசுங்கள். சொந்தக் கத்தி வைத்துக்கொள்வதில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கும். சில இடங்களில் கண்டுகொள்ள மாட்டார்கள், சில இடங்களில் அனுமதி கேட்க வேண்டும். அவன் தன் பிளட்டூன் ஜே.சி.ஓ. சாகிபுக்கு, அதாவது தன் குழுவின் இளநிலை அதிகாரிக்கு, ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். திடீரென்று கொடுத்துச் சந்தோஷப்படுத்த நினைத்திருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

இப்போது மருமகன் காட்டிய கத்தி. அதன் பிடி உள்ளே வெறும் குழாய். தூண்டில் நரம்பும் தீக்குச்சியும் வைக்க இடம் வேண்டுமே, அதற்காக. அப்படியானால் அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகும்? ஒரு அங்குலம் கூடப் போகாது. குழாயின் வாயில் ஒரு நட்டுப் போட்டு முறுக்கியிருப்பார்கள். குடைக்கம்பியில் பிளாஸ்டிக் பிடி மாட்டியிருப்பது போலத்தான். பக்கவாட்டில் நெம்பிய முதல் நாளே அந்தக் கழுத்தில் ஆட்டம் கொடுக்கும், அப்புறம் ஒரு நாள் அலகு தனியாகக் கழன்று வரும். குளிரில் விரல் மரத்துப்போனவன் கையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதுகு ரம்பமும் வெறும் அலங்காரம்தான். மரம் அறுக்கிற ரம்பத்தில் பற்கள் மாறி மாறி இடமும் வலமும் சாய்ந்திருக்கும். அதனால் பள்ளம் அலகை விட அகலமாக விழும், ரம்பம் மாட்டிக்கொள்ளாது. இதில் பற்கள் நேராக நிற்கின்றன, முதுகோ தடிமன். கால் அங்குலம் இறங்கியதும் சிக்கிக்கொள்ளும். போதாததற்கு அந்தப் பற்கள் உறையை உள்ளிருந்து அராவித் தின்னும். முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தவும் விடாது.

அலகில் "440" என்று முத்திரை இருக்கும். அதிலும் விளையாட்டு உண்டு. 440 என்பது ஒரே எஃகு இல்லை, ஏ, பி, சி என்று மூன்று. ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், சி-யில் 0.95 முதல் 1.20. எழுத்தே போடாமல் வெறும் எண்ணை மட்டும் அடித்திருந்தால் சி-யாக இருக்க வாய்ப்பு குறைவு. 899 ரூபாய்க்கு அதற்கும் கீழான எஃகு வந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, பட்டறைக்கு வருவோம். ஆசாரி சொல்லும் ஸ்பிரிங் பட்டை நல்ல சரக்கு. பாரம் ஏற ஏற வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு. கார்பன் பாதி சதவீதத்துக்குச் சற்று மேலே, கூடவே மாங்கனீசு, குரோமியம் அல்லது சிலிக்கான் கலந்திருக்கும். எளிதில் உடையாது, சாணைக்கு அடங்கும். ஒரே குறை, துருப் பிடிக்கும். உங்கள் ஊரில் அது பெரிய குறை. முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் அரிவாளை ஒரு ராத்திரி வெளியே விட்டால் காலையில் செம்மண் பூசியது மாதிரி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் லடாக் குளிர்ப் பாலைவனம். லேவில் வருஷத்துக்கே மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான், நம் ஐப்பசியில் அதை ஒரே நாளில் பார்த்துவிடுவோம். அந்தக் காய்ந்த காற்றில் கார்பன் எஃகு நன்றாகவே தாக்குப்பிடிக்கும். ஒன்றை மட்டும் பையனுக்குச் சொல்லுங்கள்: வெளியே உறைந்து கிடந்த கத்தியை புகாரி அடுப்பு எரிகிற கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் அலகு வியர்க்கும். அப்போது துடைக்காமல் உறையில் செருகினால்தான் துரு.

பட்டை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லாரியில் ஓடித் தேய்ந்து முறிந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். அரிவாளின் கனத்தில் அது மறைந்துவிடும், சின்னக் கத்தியில் மறையாது. புதுப் பட்டை போட்டுக் கட்டும் கடைகளில் வெட்டிப்போட்ட துண்டுகள் கிடக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.

அளவு இப்படி இருக்கட்டும்: அலகு 4 அங்குலம், அகலம் ஒரு அங்குலம், முதுகில் தடிமன் நாலு மில்லிமீட்டர். பிடி மட்டும் அலகை விட நீளமாக, 5 அங்குலம், கொஞ்சம் பருமனாக. தடித்த கையுறையோடு பிடிக்க வேண்டும் இல்லையா, அதற்கு. முனை ஊசியாக வேண்டாம், முதுகிலிருந்து லேசாக இறங்கி வரட்டும். நெம்பினாலும் உடையாது.

ஆசாரியிடம் நீங்கள் கூடவே நின்று பார்க்க வேண்டியது தோய்ச்சல், அதாவது காய்ச்சிய அலகைச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது. அரிவாளுக்கு வாயை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுக்கிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஸ்பிரிங் எஃகில் அடித்த மெல்லிய அலகுக்குத் தண்ணீர் ஆகாது, கீறல் விட்டுவிடும். எண்ணெய்தான் வேண்டும். கடலை எண்ணெயே போதும், லேசாக வெதுவெதுப்பாக இருக்கட்டும். எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரும்பு ஒரு சூட்டுக்கு மேல் போனால் காந்தம் ஒட்டாது. அதற்கும் சற்று மேலே போனதும் முனையை முதலில் இறக்கி நேராக எண்ணெயில் முக்க வேண்டும். சாய்த்து முக்கினால் அலகு கோணும். ஆறியதும் ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது.

இத்தோடு விட்டால் கத்தி கண்ணாடித் துண்டுதான், கீழே விழுந்தால் உடையும். அவசரத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். அலகைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, முதுகுப் பக்கத்தை மட்டும் மெல்லச் சூடாக்க வேண்டும். பழுக்கக் காய்ச்சிய ஒரு இரும்புக் கட்டியின் மேல் முதுகைச் சாய்த்து வைத்தால் போதும். வெள்ளை அலகின் மேல் நிறம் ஓடத் தொடங்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். முதுகு நீலத்துக்கு வரும்போது வாய்ப்பக்கம் வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் எடுத்து எண்ணெயில் போட்டுவிட வேண்டும். வைக்கோல் நிறம் என்றால் சுமார் 220 டிகிரி, நீலம் என்றால் 300. முதுகு வளைந்து கொடுக்கும், வாய் கூர் தாங்கும். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் செய்தால்தான் நிறம் தெரியும்.

சாணை பிடித்த பிறகு ஒரு சோதனை. கும்பகோணம் பாத்திரக் கடைத்தெருவில் விரல் பருமனில் பித்தளைக் கம்பி ஒரு துண்டு கிடைக்கும். அதன் மேல் கத்தி வாயைக் குறைந்த சாய்வில் வைத்து அழுத்தி இழுங்கள். வாய் லேசாக வளைந்து திரும்ப நிமிர்ந்தால் சரியான பதம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் கடினம் அதிகம், இன்னும் கொஞ்சம் சூடு காட்ட வேண்டும். வளைந்தது வளைந்தபடியே நின்றால் மெத்து, தோய்ச்சலை முதலிலிருந்து போட வேண்டும்.

பிடி விஷயத்தில் கடைக்காரர்கள் "ஃபுல் டேங்" என்று ஒன்றைச் சொல்வார்கள். அலகின் இரும்பு அகலம் குறையாமல் பிடியின் கடைசி வரை ஓடி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்திருக்கும். பலமானது, சந்தேகமில்லை. ஆனால் பிடியைச் சுற்றிலும் இரும்பின் விளிம்பு வெளியே தெரியும். பூஜ்யத்துக்கு 20, 30 டிகிரி கீழே வெறுங்கை அதில் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குளிருக்கு நம் ஆசாரிகளின் பழைய முறையே மேல்: அலகின் பின்னால் நீளும் காம்பை நீளமாக இழுத்து, மரப்பிடிக்குள் முழுசாகச் செலுத்தி, முன்னால் பித்தளைப் பூண் போட்டு, பின்னால் ஒரு வில்லை வைத்துத் தட்டி மடக்குவது. கையில் படுவதெல்லாம் மரம்தான். வடக்கு ஐரோப்பாவில் பனிநாட்டுக்காரர்களின் கத்திகளும் காம்பை மரத்துக்குள் மறைத்தவைதான். மரத்துக்குப் பூவரசு போதும், நன்றாக உலர்ந்த கட்டையாக இருக்கட்டும். பிடியின் முன்பக்கம், ஆள்காட்டி விரல் படுகிற இடத்துக்கு முன்னால், ஒரு மேடு செதுக்கச் சொல்லுங்கள். மரத்துப்போன கை முன்னால் வழுக்கி வாயில் ஏறினால் வெட்டுப்பட்டதே தெரியாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

உறைக்குச் செருப்புத் தைப்பவர் போதும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலாகக் கேளுங்கள். மற்றத் தோலில் தங்கும் உப்பு அலகைத் தின்னும். தையலுக்கும் அலகின் வாய்க்கும் நடுவே ஒரு தோல் பட்டையைக் கொடுத்துத் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி தன் உறையின் தையலைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வரும். அடியில் சின்ன ஓட்டை, நீர் வடிய. தைத்து முடிந்ததும் கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். நழுவினால் திரும்பத் தைக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

எண்ணெய் என்றதும் நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைத்தான் எடுப்போம். அது 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துவிடும், அங்கே மெழுகாகிக் கிடக்கும். தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயில் ஒரு குப்பி கொடுத்தனுப்புங்கள். சாணைக்கல்லும் தண்ணீர் கேட்காததாக இருக்க வேண்டும். விரல் நீளத்தில் டயமண்ட் தகடு என்று ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது, உலர்வாகவே தேய்க்கலாம்.

மடக்குக் கத்தி கேட்கிறவர்களும் உண்டு. ஊரில் வைத்துக்கொள்ள அருமையான சாமான். அங்கே கையுறையோடு நகக்குழியைப் பிடித்துத் திறக்க முடியாது, கீலில் பனி புகுந்து உறைந்தால் திறக்கவே திறக்காது. பூட்டு இல்லாத ரகமாக இருந்தால் விரல் மேலேயே மடங்கும்.

பிளையர், திருப்புளி எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்ட்டி டூல் வேறு கணக்கு. கம்பி முறுக்க, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பாகங்களைக் கழற்ற, ஜெர்ரிகேன் மூடி திறக்க அதற்கு ஈடில்லை. கத்தியால் நெம்பி முனையை உடைக்கிற வேலை பாதியை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் முழுக்க உலோகம், ஆகவே சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆசாரிக்கும் உறைக்கும் கொடுத்தது போக 3,000-த்தில் மிச்சம் இருந்தால் அதை இதற்குச் செலவழியுங்கள். அசல் லெதர்மேன் அந்தப் பணத்துக்குள் வராது. அந்தப் பெயர் போட்ட போலியை விட, பெயர் தெரியாத ஆனாலும் பிளையர் வாய் சரியாகப் பொருந்துகிற ஒன்றைக் கடையில் கையில் வாங்கிப் பார்த்து எடுங்கள்.

ஆசாரிக்கு நேரமில்லை, அல்லது சின்ன வேலை என்று மனசு வைக்கவில்லை என்றால் சுவீடன் நாட்டு மோரா கத்திகளைத் தேடுங்கள். கம்பேனியன் என்கிற ரகத்தின் அலகு நாலு அங்குலத்துக்குச் சற்று மேலே, துருப்பிடிக்காத எஃகு, கையில் படுமிடமெல்லாம் ரப்பர். பார்ப்பதற்கு எடுப்பாக இருக்காது, விளையாட்டுச் சாமான் மாதிரிதான் தெரியும். வேலையில் குறை சொல்ல முடியாது.

மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே பையன் யூனிட்டில் கேட்டுவிடட்டும். அடுத்த வாரத்துக்குள் கத்தியும் உறையும் கைக்கு வந்துவிட வேண்டும். மிச்ச நாட்களில் அவனையே வீட்டில் புழங்கச் சொல்லுங்கள்: தேங்காய்க் கயிறு, உரச்சாக்கு, வாழைநார், சமையலறையில் கறிகாய். அவன் கையாலேயே ஒரு தடவை வாயை மழுக்கி, அவன் கையாலேயே சாணை பிடிக்கட்டும். பிடி எங்கே உறுத்துகிறதோ அங்கே உப்புத்தாள் போட்டு இழைத்துக்கொள்ளலாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேளுங்கள். யூனிட்டில் சொந்தக் கத்தி கூடாது என்று சொல்லிவிட்டால் மல்ட்டி டூலுக்குச் சம்மதமா என்று அதே போனில் கேட்டுவிடச் சொல்லுங்கள், இன்னொரு தடவை சாகிபைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.